தாடை எலும்பும் தாடியும்

மார்ச் 4, செவ்வாய்
பிழைதிருத்தப் புதுக் கட்டு வந்திருக்கிறது. சிறுவர் வரலாறு. முதல் பாடம் ஆதிமனிதன். வேட்டையாடினான், நெருப்பு மூட்டினான், குகையில் ஓவியம் தீட்டினான். படத்தில் ஒரே ஒரு பெண், ஓரமாகக் குழந்தையோடு. பல்லாயிரம் ஆண்டும் உட்கார்ந்தேதான் இருந்தாளாமா?

மார்ச் 5
மண்ணில் கிடைத்தது ஒரு தாடை எலும்பு மட்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். படத்தில் மார்புவரை தாடி. தாடையிலிருந்து தாடி எப்படி முளைத்தது? எவனோ கயிறு திரிக்கிறான்.

மார்ச் 7
எல்லா ‘னான்’களையும் அடித்து ‘னார்கள்’ ஆக்கினேன். ஓரத்தில் “யார் பார்த்தது?” என்று எழுதினேன். இந்தப் புத்தகம் போடும் பதிப்பகத்தில் பதிப்பாசிரியராக இருக்கும் என் தங்கை போனில் சிரித்தாள்.
“அக்கா, உன் வேலை கொம்பு, கால், புள்ளி பார்க்கிறது. ஆதிமனுஷனோட சண்டை போடறது இல்ல.”
“அவனை உனக்குத் தெரியுமா?”
“எனக்கு முதலாளியைத் தெரியும்.”
படித்தவள் அல்லவா! நான் எட்டாவதோடு நின்றவள். தமிழை மெய்ப்புத்தாளில் கற்றவள்.

மார்ச் 12
இரண்டாம் மெய்ப்பு. ‘னான்’கள் எல்லாம் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கின்றன. தாடியும். தங்கை வேலைதான், வேறு யார்? என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறாள். கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று முதலாளியிடம் சொல்லியிருப்பாளோ? சொல்லியிருப்பாள்.

மார்ச் 13
மறுபடி அடித்தேன்.

மார்ச் 15
பாடம் எழுதிய அகழாய்வுக்காரரையே கூப்பிட்டுக் கேட்டேன்.
“அம்மா, அந்த எலும்பை வச்சு ஆணா பெண்ணான்னு சொல்ல முடியாது. நான் ‘மனிதர்கள்’னுதான் எழுதினேன். உங்க தங்கைக்கும் தெரியுமே.”
தெரிந்தே செய்திருக்கிறாள். கல்லுளிமங்கி!

மார்ச் 18
தங்கை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மார்ச் 20
மறுபடியும் கூப்பிட்டாள். அடிக்கட்டும்.

ஏப்ரல் 9
புத்தகம் வந்தது. தாடி இன்னும் வளர்ந்ததுபோல் இருக்கிறது. பதிப்பாசிரியர் என்ற இடத்தில் முதலாளியின் மருமகன் பெயர். தங்கை பெயர் எங்கே? பக்கம் அமைக்கும் பெண்ணைக் கேட்டேன்.
“உங்களுக்குத் தெரியாதா? மாத்தச் சொன்னது முதலாளி. உங்க தங்கை ‘எங்க அக்கா திருத்தினபடி வரலைன்னா என் பேரை எடுத்துடுங்க’ன்னாங்க. அவர் பேரோட ஆளையும் எடுத்துட்டார்.”
அடிப்பாவி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?
— கூப்பிட்டாளே.

ஏப்ரல் 10
அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பெல்லாம் எனக்கு வராது. கதவைத் திறந்தவள், “இப்ப என்ன தப்பு கண்டுபிடிச்சே?” என்றாள். “நீ இளைச்சுட்டே” என்றேன். இருவரும் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 16
பதிப்பகத்திலிருந்து அடுத்த கட்டு வந்தது. பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன். ஏன் என்று தங்கை போனில் குடைந்தாள். காகிதம் மட்டம் என்றேன். நம்பவில்லை. சந்தேகப் பிறவி.