நன்றிப் பட்டியலில் உன்னை வைக்க மாட்டேன்

இன்று காலை ஆய்வகத்தில் அந்தப் பழைய பெயின்ட் வாளியின் மூடியைத் திறந்தேன். தண்ணீர் வற்றிய பாறையின் வாடை முகத்தில் அடித்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய், வழக்கம்போலச் சத்தமாக.

நம் இருவரையும் ஒரே நாளில்தான் திட்ட உதவியாளர்களாக எடுத்தார்கள். கூம்பு நத்தையின் விஷத்திலிருந்து வலிக்கு மருந்து கிடைக்குமா என்று பார்க்க, பல்கலைக்கழகத்துக்கு அரசு நிதி வந்திருந்தது. விசைப்படகு வலைகளில் மாட்டி வரும் நத்தைகளைத் துறைமுகத்தில் பொறுக்கி, ஐஸ் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவோம். முதல் வருடம் ஒன்றும் தேறவில்லை. விஷம் ஏற்றிய எலியும் ஏற்றாத எலியும் சூட்டுக்கு ஒரே மாதிரி காலை உதறின.

"ஐஸ்லயே பாதி செத்து அழுகிருது. உசுரோட கொண்டு வருவோம்ளா," என்றாய். திட்டத்தை நடத்திய சார் காதில் வாங்கவில்லை. நீ என்னையும் கூட்டிக்கொண்டு போய், உன் ஊரான கீழவைப்பாரிலேயே நத்தைகளைச் சேகரித்து, இந்த வாளியில் கடல் நீரோடு பஸ்ஸில் ஏற்றினாய்.

"ஏளா, கடலையே தூக்கிட்டு வாரியா? லக்கேஜ் டிக்கெட் எடு," என்றார் கண்டக்டர்.

"எடுக்கேன் அண்ணாச்சி. காசு வாங்குதீயள்ல, அதுக்கும் உக்கார எடம் குடுங்க."

பஸ்ஸே சிரித்தது. நான் தலையைக் குனிந்தபடி வாளியைப் பிடித்திருந்தேன்.

அந்த நத்தைகளின் விஷம் ஏற்றிய எலிகள்தான் முதன்முதலாகச் சூட்டைப் பொறுத்தன. அதன்பின் எல்லாமே உன் முறைப்படிதான் நடந்தது. கட்டுரையின் செய்முறைப் பகுதியை நீயே எழுதினாய். அது வெளியே போகும் முன் டெங்கு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன வாரம் சார் கட்டுரையை அனுப்பத் தயாரானார். பெயர் வரிசையில் நீ இல்லை.

"இறந்தவங்க கிட்ட ஒப்புதல் வாங்க முடியாதேம்மா. கீழ நன்றியில போட்டிருக்கேன், சாம்பிள் சேகரிக்க உதவினாங்கன்னு."

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். ஹாஸ்டலில் இன்னொரு தோசை கேட்கக்கூட உன்னைத்தான் அனுப்புவேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள் நான். பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று எங்கேயும் வாய் திறக்காதவள். "நீ இப்படியே இரு. நீ இங்கன இருக்கதே ஒருத்தருக்கும் தெரியாதுளா," என்று திட்டுவாய்.

இரண்டு நாள் கழித்து மறுபடி சாரிடம் போனேன். "நன்றி, உதவி செஞ்சவங்களுக்குச் சொல்றது சார். இது அவ வேலை," என்றேன். குரல் நடுங்கியது. நிறுத்தவில்லை. "இறந்தவங்க பேரப் போடலாமான்னு, கட்டுரை போற பத்திரிகைக்கு எழுதிக் கேட்டேன். போடலாம்னு பதில் வந்திருக்கு. அவ பேரு முதல்ல வரணும். இல்லன்னா என் பேரையும் எடுத்திருங்க."

"நீ பேசவே மாட்டியேம்மா," என்றார்.

"இனிப் பேசுவேன் சார்."

நேற்று கட்டுரை போய்விட்டது. உன் பெயர் முதலில் இருக்கிறது. பக்கத்தில், இறந்தவர் என்பதைக் காட்டும் சிலுவை போன்ற சின்னக் குறி. உன் அம்மாவுக்குப் போனில் அந்தப் பக்கத்தின் படம் அனுப்பினேன். "இதுக்குப் பெறவு யாரும் அழிக்க முடியாதுல்லா?" என்று மட்டும் கேட்டார்கள். முடியாது என்றேன்.

இந்த மாதத்தோடு என் பணிக்காலம் முடிகிறது. நீட்டிப்புக்குச் சார்தான் கையெழுத்துப் போட வேண்டும், இன்னும் போடவில்லை. போடாமலும் இருக்கலாம். இருக்கட்டும். எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் இந்தக் குரலோடுதான் போவேன். அது நடுங்கும். நடுங்கிக்கொண்டே பேசும்.