வீட்டு மருமகன் செய்த வெப்சைட்

வெள்ளிக்கிழமை, இரவு.

எங்கள் அரிசி ஆலைக்கு வெப்சைட் செய்ய சாய்ந்தமருது ஊர்ப் பிள்ளை ஒருத்தி வந்தாள். அவள் காட்டிய வேலை பிடித்திருந்தும், மகளைக் கல்யாணம் முடித்து எங்கள் வீட்டோடு இருக்கும் மருமகனிடமே கொடுத்தேன்.

இன்று எங்களிடம் அரிசி எடுக்கும் கண்டி முதலாளி போனில் பேசினார். "ஹாஜியார், உங்கட சைட் போன்ல திறக்குதில்ல. அக்கரைப்பற்று மில்லுல அரிசி எடுத்திட்டம்."

அந்த மில்லின் சைட் அவள் செய்தது.

வீட்டு மருமகனிடம் குறை சொல்ல நாக்கு எழும்பாது. இராச்சாப்பாட்டில் அவரே கேட்டார்: "சைட் எப்படி மாமா?"

"நல்லாரிக்கி மகன்."

அவர் முகம் மலர்ந்தது. "நீங்க முந்தி புகழ்ந்ததக் கேட்டு, பெரிய மாமாவும் அவர்ர கடைக்கி என்னத்தான் செய்யச் சொல்லியிருக்கார்."

அவருடைய பீங்கானில் இன்னொரு மீன் துண்டு வைத்தேன். அந்தப் பெரிய மாமா என் காக்கா, கூடப்பிறந்த அண்ணன்; வேண்டாமென்று சொல்ல அவருக்கு இன்னும் போன் எடுக்கவில்லை.