கண்ணில் கோளாறு இல்லை

என்னங்க,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். சாவி பக்கத்து வீட்டு அக்காகிட்ட இருக்கு.

கம்ப்யூட்டர் கடைக்காரர் காலையில வந்து பார்த்தார். "திரை நல்லாத்தாம்மா இருக்கு. இந்தப் பழைய கிராபிக்ஸ் கார்டால அதோட முழுத் தெளிவைக் காட்ட முடியல. அதான் எழுத்து மங்குது"ன்னார். இந்தத் திரை வாங்கின அன்னைக்கே இதைச் சொல்லி வேற கார்டு கேட்டேன். "உனக்குக் கண்ணு போயிடுச்சு"ன்னு உங்க அம்மா முன்னால சிரிச்சீங்க. நானும் நம்பி ரெண்டு தடவை கண்ணாடி மாத்தினேன். மங்கின எழுத்துல பிழை திருத்தி, தப்புகளைக் கவனிக்காம விட்டு, பதினஞ்சு வருஷமா பார்த்த பதிப்பக வேலை போச்சு.

அங்கதான் போறேன், திரும்பக் கேட்டுப் பார்க்க. கொடுப்பாங்கன்னு நம்பிக்கை இல்ல.

பி.கு.: கடைக்காரர் நாலு மணிக்கு வருவார். கதவை மட்டும் திறங்க, வாயைத் திறக்க வேண்டாம். கார்டை நானே தேர்ந்தெடுத்தாச்சு.