காட்டுக்குப் போன குரல்

ஃப்ளோரென்சியா,
புதன்கிழமை.

அன்பும் மதிப்பும் உள்ள அரசெலி அக்காவுக்கு, தங்கை நூபியா எழுதுவது. மத்ரித்தில் நீயும் அத்தானும் சுகமென்று நம்புகிறேன். இங்கே என் பிள்ளை லூஸ்தாரிக்கு முன்பல் விழுந்துவிட்டது. மழையில் மரவள்ளி பாதி அழுகிப் போயிற்று.

கெரில்லாக்கள் என் வீட்டுக்காரர் எவேலியோவைக் கடத்திக்கொண்டு போன நாளிலிருந்து, ஞாயிறுதோறும் விடியற்காலையில் வானொலிக்கு ஃபோன் போட்டு அவருக்குச் சேதி சொல்கிறேன். காட்டில் அடைபட்டிருப்பவர்கள் அதைக் கேட்பார்களாம். "தைரியமா இருங்க, நாங்க காத்திருக்கோம்" என்பேன். நம்பிக்கையோடுதான் சொல்வதாக நினைத்திருந்தேன்.

அவரோடு அடைபட்டிருந்த கில்தார்தோவைப் போன மாதம் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, காபியைக் குடித்துவிட்டுத் தலையைத் தூக்காமலே சொன்னார்: "தப்பா எடுத்துக்காதம்மா. மத்தவங்க பொண்டாட்டி பேசினா உக்காந்து கேப்பான். உன் குரல் வந்தா எழுந்து போயிடுவான்." எனக்கு வந்த கோபத்தில் அவரை விரட்டாததுதான் குறை.

அந்த வாரம் ஃபோன் லைன் சரியில்லை. முன்கூட்டியே வானொலி நிலையத்துக்குப் போய்ப் பேசிப் பதிந்துவிட்டு வந்தேன். ஞாயிறன்று அடுப்படியில் நின்று என் குரலை முதன்முதலாகக் கேட்டேன், அக்கா. பேச்செல்லாம் தைரியம். குரல் மட்டும் குழிமேட்டில் நிற்கிறவளுடையது. எப்போதோ நான் அவரைப் புதைத்துவிட்டிருக்கிறேன். என் காதில் விழுந்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. மாமியார் சோள ரொட்டியைப் புரட்டிக்கொண்டே, "இப்பத்தான் கேட்டுச்சா? எனக்கு ரொம்ப நாளாக் கேக்குது" என்றார்.

மறு ஞாயிறு நேராக நிலையத்துக்கே போனேன். நான் பேசுவது எனக்கே கேட்கட்டும் என்று ஹெட்ஃபோன் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டேன். "யோவ் எவேலியோ! கூரை ஒழுகுது. உங்கம்மா என் உசிரை வாங்குறாங்க. நீ அங்க மாப்பிள்ளை விருந்தா சாப்பிட்டுக்கிட்டிருக்கே? வந்து சேருய்யா, சோம்பேறி!" என்று வீட்டில் திட்டுகிற மாதிரியே திட்டினேன். ஆரம்பத்தில் அது நடிப்புதான். அந்தச் சண்டைக்காரியின் குரல் காதில் ஏற ஏற நிஜமாகவே கோபம் வந்தது. பின்னாலேயே அவர்மேல் ஆசையும் வந்தது. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

நேற்று பாதிரியார் வந்தார். ஆற்றின் மேல்பகுதிக் கரையில் ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறதாம். செத்து எத்தனை நாளென்று சொல்லத் தெரியவில்லையாம். அது அவராக இருந்தால், நான் திட்டியதைக் கேட்டாரா, அதற்கு முன்னமே போய்விட்டாரா என்று யாரிடம் போய்க் கேட்பேன்? நாளைக் காலைப் படகில் நானும் மாமியாரும் அடையாளம் பார்க்கப் போகிறோம். பிள்ளையிடம் சந்தைக்கு என்று சொல்லியிருக்கிறோம்.

அக்கா, கடிதம் கிடைத்ததும் ஃபோன் செய்துவிடாதே. நீ கேட்டால் நான் சொல்ல வேண்டிவரும். சொன்னால் அது என் காதிலும் விழும். நானாகக் கூப்பிடும்வரை மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி வை. உன்னையும் உன் வீட்டையும் தேவன் காக்கட்டும்.

உன் தங்கை,
நூபியா