துப்புகிற நரம்பு

அன்பு மிக்க உங்களுக்கு,

நான் நலம். அத்தைக்கு இருமல் விட்டதா? பாப்பாவின் ஆடுகிற பல்லை யாரும் பிடுங்கவேண்டாம், தானாக விழட்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனைப் பாதியில் வைத்தது நான்தான். பேசினால் அழுதுவிடுவேன், அழுதால் நீங்கள் ஜெயித்துவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா? முழுக்கப் படியுங்கள்.

என் புழுவை உங்களுக்குத் தெரியும். ஒரு மில்லிமீட்டர் உருளைப்புழு. அதன் தொண்டைக்கு மட்டும் இருபது நரம்பு செல்கள். அதில் தசையை இயக்கும் ஒன்றை லேசரால் பொசுக்கினால் புழு அதிகம் தின்கிறது, ஆகவே அது பசிக்குக் கடிவாளம் என்று எழுதினேன். ஐந்து வருட உழைப்பு. கட்டுரை அடுத்த மாதம் அச்சாகிறது, பட்டம் கிடைக்கிறது, இரண்டு மாதத்தில் வீட்டுக்கு வருகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

போன வாரம் மைக்ராஸ்கோப்பின் நீல விளக்கு எரிந்துபோனது. புது பல்பு வர மூன்று நாள். சும்மா இருக்கப் பிடிக்காமல் புழுக்களை இருட்டிலேயே தின்னவிட்டு, பிறகு பக்கத்து ஆய்வகத்தில் கொண்டுபோய் வயிற்றைப் பார்த்தேன். நரம்பைப் பொசுக்கிய புழுவும் பொசுக்காத புழுவும் ஒரே அளவுதான் தின்றிருந்தன. பல்பு வந்ததும் விளக்கைப் போட்டுத் தின்னவைத்தேன். வித்தியாசம் திரும்பி வந்தது. மூன்று முறை செய்தேன்.

தப்பு என்னுடையதுதான். சாப்பிடுவதைப் பார்க்கும் ஆசையில் தினமும் ஒரு மணி நேரம் அந்த வெளிச்சத்தை அதுகளின் முகத்தில் அடித்திருக்கிறேன். கண்ணே இல்லாவிட்டாலும் புழுவுக்கு வெளிச்சம் பிடிக்காது. வாயில் இருப்பதைத் துப்பிவிடுகிறது. துப்பவைப்பது அந்த நரம்பு. அதைப் பொசுக்கிய புழுவுக்குத் துப்பத் தெரியவில்லை, அதனால் வயிறு நிறைந்திருந்தது. கடிவாளமாவது மண்ணாவது!

புரொஃபசரிடம் சொன்னேன். "இப்ப ஏம்மா கிளர்றே? அடுத்த கட்டுரையில திருத்திக்கலாம்" என்றார். அவரை விடுங்கள். நீங்களும் அதையே அல்லவா சொன்னீர்கள்? "அந்தப் புழுவை யாரு போய்க் கேக்கப் போறா? பட்டத்தை வாங்கிட்டு வந்து சேரு" என்று. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. எலும்பே இல்லாத ஜந்து பிடிக்காததைத் துப்புகிறது, நான் மட்டும் மென்று முழுங்கவேண்டுமாக்கும்!

திங்கட்கிழமை காலையே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிவிட்டேன். உங்களைக் கேட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம். கேட்டிருந்தால் அனுப்பியிருக்கமாட்டேன், அதனால் கேட்கவில்லை. "உன் பேரு கெட்டுப்போகும்" என்று புரொஃபசர் கத்தினார். "என் பேருதானே சார், நானே கெடுத்துக்கிறேன்" என்றேன். இப்போது அவர் என்னோடு பேசுவதில்லை. என் மேசை, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் போய்விட்டது. பரவாயில்லை. அங்கே ஜன்னலே கிடையாது, என் புழுக்களுக்கு வசதி.

எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்யவேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஒரு வருஷம். நான் எழுதியதை நம்பி இன்னொருத்தி ஐந்து வருஷத்தைத் தொலைக்கக்கூடாது. அது மட்டும் எனக்குத் தெளிவாக இருக்கிறது. மற்றபடி பயமாகத்தான் இருக்கிறது. உங்கள் கோபத்தை நினைத்தும்தான்.

என்னைத் திட்டி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதுங்கள். பதிலுக்குப் பதில் எழுதுகிறேன். பாப்பாவிடம் மட்டும் நீங்களே உட்கார்ந்து சொல்லவேண்டும். இரண்டு மாதம் என்று ஏமாற்றவேண்டாம், ஒரு வருஷம் என்றே சொல்லுங்கள். அழுவாள், அழட்டும். அம்மா ஒரு தப்புப் பண்ணிவிட்டாள், சரிசெய்துவிட்டு வருவாள் என்று சொல்லுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அம்மாவுக்கு நீ முக்கியமில்லை என்று மட்டும் கோபத்தில்கூட அவள் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள்.

என்றும் உங்கள்,
பிடிவாதக்காரி