சயாம் வெள்ளை அரிசி

அக்டோபர் 18, 1926. திங்கள்.

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. இவர் விடியலிலேயே ரயிலேறி, வேலை பார்க்கும் ஊரான சுங்காய்க்குப் போய்விட்டார். ரயில் ஸ்டேஷனில் கணக்கெழுதும் கிராணி; சனிக்கிழமைதான் வீட்டுக்கு விடுவார்கள். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்று என்னை மட்டும் டவுனில், இந்தச் சிலிபின் வாடகை அறையில் வைத்திருக்கிறார். ஏழாம் மாதம். பேச ஆளில்லை. சுவர்ப் பல்லியைத் திட்டினேன், அதுவும் போய்விட்டது.

கால் வீக்கம் கூடியிருக்கிறது. பாதம் மரத்துப்போய், கட்டைச் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் குழாயடி வரை நடந்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுச் சீன அக்கா வாளியோடு வந்தாள். அரிசி கழுவிய தண்ணீர், அவள் பன்றிகளுக்கு. நான் தண்ணீர் தெளியும்வரை கழுவுகிறவள். அவளுக்குக் கொண்டாட்டம்.

அக். 20. புதன்.

வெயில். மிஷன் ஆஸ்பத்திரி. ரிக்‌ஷா குலுக்கலில் வாந்தி. யாழ்ப்பாணத்து நர்ஸம்மா காலை அழுத்தினார். குழி விழுந்தது, எழவில்லை. முழங்காலைத் தட்டினார். கால் அசையவே இல்லை.

"என்ன அரிசி சாப்பிடுறியள்?"

"சயாம் வெள்ளை அரிசி. முதல் தரம்." பெருமையாகத்தான் சொன்னேன்.

"முந்தி என்ன அரிசி?"

"கல்யாணத்துக்கு முன்னாடி, ரப்பர் தோட்டத்தில, புழுங்கல்."

"அதையே சாப்பிட்டிருக்கலாம் பிள்ளை. தீட்டின அரிசியில சத்தில்லை. இது பெரிபெரி."

முதல் இரண்டு குழந்தைகளைப் பற்றிக் கேட்டார். கொழுகொழுவென்றுதான் பிறந்தார்கள். மூன்றாம் மாதத்தில் அழுகைச் சத்தம் கம்மிப்போய், முகம் நீலமாகி, அன்றைக்கே போய்விட்டார்கள். காய்ச்சல் இல்லை. நர்ஸம்மா சேலையை இழுத்து என் காலை மூடிவிட்டார். பிறகு மெதுவாக, "உங்கட பாலில சத்தில்லாமல் போயிருக்கும்."

வீடு வந்தது எப்படி என்று தெரியவில்லை.

மறக்காமல்: புழுங்கல் அரிசி. பச்சைப் பயறு. மீன் எண்ணெய், காலையில் ஒரு கரண்டி. இரும்பு மருந்து. தவிடு தினமும், கஞ்சியாக.

அக். 21. வியாழன்.

தவிடு கேட்டால் மளிகைக்காரர், "பன்னி வளர்க்கிறீங்களாம்மா?" என்று சிரிக்கிறார். சீன அக்காவிடமே போனேன். வயிற்றைக் காட்டி, வாயைக் காட்டி, அரைகுறை மலாயில் கேட்டேன்.

"பாபி மாக்கான்லா இது!" பன்றி தின்பதாம். அலறினாள். பிறகு என் காலைப் பார்த்தாள். புதுத் தவிடாகச் சலித்து ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தாள்.

கஞ்சி தொண்டையில் ஒட்டியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். இரண்டாவது பெண் பெரும்பசிக்காரி. எந்நேரமும் பாலுக்கு அழுவாள். அவள் குடிக்கக் குடிக்க நான் சந்தோஷப்பட்டேனே. யாரிடம் சொல்லி அழ?

அக். 23. சனி.

தூறல். இவர் தோளில் மூட்டையோடு வந்தார்.

"பிரசவத்துக்குன்னு நல்லதா பார்த்து வாங்கினேன் ஞானம். சயாம் அரிசி. எங்கப்பா காலம் பூரா புழுங்கல் தின்னுட்டு ரப்பர் மரம் சீவினாரு. நம்ம புள்ளைக்கு அது வேணாம்லா."

கஞ்சியைப் பார்த்தார். என்ன இது என்றார். கால் வீக்கம், பெரிபெரி, இனிமேல் புழுங்கலும் தவிடும்தான் என்று சொன்னேன். பாலைப் பற்றிச் சொல்லவில்லை.

மூட்டையை இறக்கி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். நனைந்த தலையைத் துவட்டக்கூட இல்லை.

"அப்ப முதல் ரெண்டும்?"

நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன்.

"அதுங்களுக்குக் காய்ச்சல்தானே, ஞானம்?"

"ஆமாங்க. காய்ச்சல்தான்."