லைப்சிக்கில் சங்கு ஊதிய நாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க முட்டுவலி இப்ப தேவலையா? நான் சுகமா இருக்கேன்.

நேத்து வகுப்புல இருக்கும்போது ஊரெல்லாம் அபாயச் சங்கு ஊதுச்சு. குத்தால அருவியில வெள்ளம் வந்தா ஊதுவாங்கல்லா, அதே மாதிரி. வெள்ளம்தான்னு நெனச்சு, பையைப் போட்டுட்டு மொட்டைமாடிக்கு ஓடிட்டேன். பின்னால ஒருத்தரும் வரலை. கால்மணி நேரம் நின்னுட்டு வகுப்புக்கு இறங்கி வந்தேன்.

"சோதனைதான், வருஷாவருஷம் ஊதுவாங்க"ன்னு வகுப்புல என் பக்கத்துல உக்கார்ற லேனா சொல்லிட்டு, குனிஞ்சு எழுத ஆரம்பிச்சுட்டா. யாரும் சிரிக்கலை, எங்க போனேன்னு கேக்கவும் இல்லை. நிஜமாவே ஏதாவது வந்தா என்னை யாருப்பா கூப்பிடுவா?

அம்மாகிட்ட இதைச் சொல்லிராதீங்க. மிளகாப்பொடி மட்டும் அனுப்பச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை போன்ல சிரிச்சுத்தான் பேசுவேன். நீங்க "சரிம்மா"ன்னு சட்டுனு வச்சிராதீங்கப்பா.

நான் போக வேண்டிய டிராம் வந்துட்டு, ஏறணும்.

உங்க மக,
வேல்விழி